நூறு மணி ஜெபமாலை: நயின் சிங் ராவத்தின் வாழ்க்கை

ஜெபமாலையில் 108 மணிகள் இருக்கும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். தமிழ்ப்பள்ளியில் எனக்கு நான்காம் ஆண்டில் நன்னெறி கற்பித்த ஆசிரியை அந்த எண்ணுக்கு ஐந்தாறு விளக்கங்கள் கூறுவார். ஆனால், 1865-ஆம் ஆண்டில் இமயமலையைக் கடந்து திபெத்துக்குள் நுழைந்த ஒரு மனிதரின் கையில் இருந்த மாலையில் நூறு மணிகளே இருந்தன. ஒவ்வொரு பத்தாவது மணியும் சற்றுப் பெரியது. நூறு அடி நடந்தால் ஒரு மணியைத் தள்ளுவார். மாலை ஒரு சுற்று முடிந்தால் பத்தாயிரம் அடி. அதாவது ஐந்து மைல். வழியில் பார்த்தவர்களுக்கு அவர் நாம ஜெபம் செய்துகொண்டு போகும் யாத்திரிகர். உண்மையில் அவர் ஒரு நாட்டையே அளந்துகொண்டு போனார்.

அவர் பெயர் நயின் சிங் ராவத். நம் புவியியல் பாடநூல்களில் கொலம்பசு வருகிறார். வாஸ்கோட காமா வருகிறார். நான் தேசிய இடைநிலைப்பள்ளியில் படித்த காலத்தில் லாசா நகரின் பெயரை வரைபடத்தில் எத்தனையோ முறை குறித்திருக்கிறேன். அந்தப் புள்ளி அந்த இடத்தில் எப்படி வந்து உட்கார்ந்தது என்று யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை.

நயின் சிங் 1830-ஆம் ஆண்டு அக்டோபர் 21-இல் பிறந்தார். அவருடைய ஊர் மிலாம். இன்றைய இந்தியாவின் உத்தராகண்ட் மாநிலத்தில், பித்தோராகர் மாவட்டத்தில், ஜோஹார் பள்ளத்தாக்கின் மேல்முனையில் இருக்கிறது அது. கோரி கங்கை ஆறு பனிப்பாறையிலிருந்து புறப்படும் இடத்துக்கு அருகே, கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். நம் கேமரன் மலையை இரண்டு முறை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் எட்டாத உயரம். அங்கே ஆண்டில் பாதி நாள் பனி. விளைவதென்று பார்த்தால் கொஞ்சம் பார்லி, கொஞ்சம் பாப்பரை. அதை மட்டும் நம்பினால் யாரும் பிழைக்க முடியாது.

அப்படியானால் அங்கே மனிதர்கள் ஏன் குடியிருந்தார்கள்? அந்த ஊருக்குப் பின்னால் கணவாய்கள் இருந்தன. கணவாய்களுக்கு அப்பால் திபெத் இருந்தது. அதுதான் காரணம். ஜோஹார் மக்களைச் சௌக்கா என்றும், வெளியார் பொதுவாகப் போட்டியா என்றும் அழைத்தனர். அவர்களுடைய வாழ்க்கையே ஏற்றமும் இறக்கமும்தான். குளிர்காலத்தில் கீழே இறங்கி முன்சியாரியிலும் அதற்கும் தாழ்ந்த பள்ளத்தாக்குகளிலும் தங்குவார்கள். வெயில் காலம் தொடங்கியதும் பெண்டு பிள்ளைகள், நாய், ஆடு அனைத்தோடும் மிலாமுக்கு ஏறுவார்கள். அங்கிருந்து ஆண்கள் மட்டும் ஊண்டாதூரா, ஜயந்தி, குங்ரி பிங்ரி என்ற மூன்று கணவாய்களை அடுத்தடுத்துக் கடந்து திபெத்துச் சந்தைகளுக்குப் போவார்கள். மூன்றுமே ஐயாயிரம் மீட்டருக்கு மேற்பட்டவை. இடையில் விறகு இல்லை. ஒதுங்க இடமும் இல்லை. கியானிமா, கார்தோக் ஆகியவை அவர்கள் போகும் சந்தைகளில் பேர்பெற்றவை.

சுமை தூக்கியவை ஆடுகள் என்பதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. செம்மறியும் வெள்ளாடும் ஆளுக்கொரு சிறு பை முதுகில் சுமந்து, நூற்றுக்கணக்கில் வரிசையாகக் கணவாய் ஏறும். ஓர் ஆட்டின் சுமை ஏறக்குறைய பத்துக் கிலோதான். ஆனால், ஆட்டுக்குத் தீனி கொண்டுபோக வேண்டியதில்லை. வழியில் கிடைத்ததை மேய்ந்துகொள்ளும். குதிரை வழுக்கும் பாறையிலும் அது நிற்கும். போகும்போது தானியம், வெல்லம், துணி, இரும்புச் சாமான்கள் போகும். வரும்போது உப்பு, வெண்காரம், கம்பளி மயிர், சில சமயம் பொன்துகள் வரும். கடலிலிருந்து அவ்வளவு தொலைவில் இருக்கும் இந்திய மலைநாட்டு மக்கள் சாப்பிட்ட உப்பு, திபெத்தின் ஏரிகளிலிருந்து ஆட்டின் முதுகில் வந்த உப்பு.

இந்த வணிகத்துக்கு முத்திரைத்தாளோ வழக்கறிஞரோ கிடையாது. ஒவ்வொரு ஜோஹார் குடும்பத்துக்கும் திபெத்தில் ஒரு வணிக நண்பர் குடும்பம் உண்டு. அந்த உறவு தந்தையிடமிருந்து மகனுக்கு வரும். இந்தக் குடும்பம் தன் சரக்கை அந்தக் குடும்பத்துக்கே விற்க வேண்டும். வேறு யாரும் நடுவில் புகக்கூடாது. புதிய உறவு தொடங்கும்போது ஒரு கல்லை இரண்டாக உடைத்து ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்ளும் வழக்கமும் அந்த மலைப்பகுதிகளில் இருந்தது. தந்தை இறந்து மகன் வந்தாலும் பாதிக் கல்லைக் கொண்டு வந்து பொருத்திக் காட்டினால் போதும். அவ்வளவுதான் கடப்பிதழ். ஜொகூர் பாலத்தில் விடியற்காலை நான்கரை மணிக்கே வரிசை பிடித்துச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் என் மாமாவிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தனக்கும் அப்படி ஒரு கல் கிடைத்தால் தேவலை என்றார்.

நயின் சிங்கின் குடும்பம் மிலாமில் மதிப்புள்ள ராவத் குடும்பம். ஆனால், அவருடைய தந்தை அமர் சிங்கின் கிளை செல்வத்தில் பின்தங்கியது. ஒன்றுவிட்ட அண்ணன் மணி சிங்தான் வசதியானவர்; ஊர் நிலவரிப் பொறுப்பும் அவரிடம் இருந்தது. நயின் சிங் சிறு வயதிலேயே தந்தையோடு திபெத்துச் சந்தைகளுக்குப் போய் வந்தார். திபெத்திய மொழியும் அங்குள்ள நடைமுறைகளும் அப்படித்தான் படிந்தன. இளைஞராகி வணிகத்தில் இறங்கியவர் கடன்பட்டார். வீட்டில் உட்கார்ந்து கடனைத் தீர்க்க வழியில்லை.

அந்த நேரத்தில்தான் 1855-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஷ்லாகின்ட்வைட் சகோதரர்கள் குமாவுன் பகுதிக்கு வந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் காந்தப்புல ஆய்வும் நில ஆய்வும் செய்துகொண்டிருந்தவர்கள். அவர்களுக்கு வழிகாட்ட மணி சிங்கும் நயின் சிங்கும் சேர்ந்துகொண்டனர். வெள்ளைக்காரருக்கு உதவுவது ராவத் குடும்பத்துக்குப் புதிதன்று. 1812-இல் மூர்கிராப்ட் என்ற ஆங்கிலேயர் சாது வேடத்தில் திபெத்துக்குப் போனபோது அவருக்குப் பொறுப்பேற்றுக் கைகொடுத்தவர்களும் மிலாம் ராவத்துகளே. ஷ்லாகின்ட்வைட் சகோதரர்களோடு நயின் சிங் மானசரோவருக்கும் லடாக்குக்கும் போனார். அளவைக் கருவிகளை முதன்முதலாகத் தொட்டுப் பார்த்ததும் அப்போதுதான். சகோதரர்கள் அவரை ஐரோப்பாவுக்கே அழைத்தார்கள். அவர் போகவில்லை, ஊர் திரும்பிவிட்டார். அச்சகோதரர்களில் ஒருவரான அடோல்ப் 1857-இல் காஷ்கரில் தலை துண்டிக்கப்பட்டு இறந்தார் என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். எல்லைக்கு அப்பால் அடையாளம் தெரியாமல் நடமாடுவதன் விலை என்ன என்பது நயின் சிங்குக்குத் தெரியாமல் இல்லை.

ஊர் திரும்பியவர் மிலாமில் அரசுப் பள்ளி ஆசிரியரானார். ஆசிரியரைப் பண்டிட் என்று அழைப்பது வடக்கே வழக்கம். அந்தப் பெயர்தான் பின்னர் உலகம் அறிந்த பெயராயிற்று. ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியர் என்பதனாலேயே எனக்கு இவர்மீது ஒரு தனிப் பற்று என்பதை மறைக்கவில்லை.

இப்போது சற்றுத் தெற்கே வருவோம். இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும் நில அளவைப் பணி 1802-இல் சென்னைக்கு அருகே பரங்கிமலைப் பகுதியில் லாம்டன் என்ற அதிகாரி ஓர் அடிக்கோட்டை அளந்ததில் தொடங்கியது. தமிழ் மண்ணில் தொடங்கிய அந்த முக்கோணச் சங்கிலி இமயத்தின் காலடியை எட்டியது. அதோடு நின்றது. அப்பால் திபெத். சீனப் பேரரசின் ஆணையால் ஐரோப்பியர் அங்கே நுழையக்கூடாது. லாசா எந்த அட்சரேகையில் இருக்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது பிரிட்டிஷார் எவருக்கும் உறுதியாகத் தெரியாது. ரஷ்யாவோ மத்திய ஆசியாவில் ஒவ்வொரு நாடாக விழுங்கிக்கொண்டு வந்தது. கல்கத்தாவில் இருந்தவர்களுக்குத் தூக்கம் வரவில்லை.

காஷ்மீரை அளந்துகொண்டிருந்த மாண்ட்கோமரி என்ற அதிகாரி ஒன்றைக் கவனித்தார். வெள்ளைக்காரர் தாண்ட முடியாத எல்லையை மலைவாழ் வணிகர்கள் நாள்தோறும் தாண்டிக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் அவர்களுக்கே அளக்கக் கற்றுக்கொடுத்தால் என்ன? முதலில் அப்துல் ஹமீது என்ற எழுத்தரை 1863-இல் யார்கந்துக்கு அனுப்பினார். அவர் வேலையை முடித்தார். ஆனால் திரும்பும் வழியில் இறந்துபோனார். அடுத்ததாகக் குமாவுன் கல்வி அதிகாரி ஸ்மித் இரண்டு பேரைப் பரிந்துரைத்தார். மணி சிங், நயின் சிங். 1863-இல் இருவரும் தேராதூனுக்குப் பயிற்சிக்குப் போனார்கள். சம்பளம் மாதம் இருபது ரூபாய்.

இரண்டு ஆண்டுப் பயிற்சி. நட்சத்திரம் பார்த்து அட்சரேகை கணிப்பது, நீர் கொதிக்கும் வெப்பநிலையை வைத்து உயரத்தைக் கணக்கிடுவது, திசைகாட்டியில் கோணம் குறிப்பது ஆகியவற்றைக் கற்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நடப்பது. ஏற்றமானாலும் இறக்கமானாலும் ஒரே நீளத்தில் காலடி வைக்க வேண்டும். நயின் சிங்கின் காலடி முப்பத்தொன்றரை அங்குலம். ஒரு மைலுக்கு ஏறக்குறைய 2,000 அடி. இதை எழுதத் தொடங்கியபோது ஒரு நாள் காலை விடுதியிலிருந்து புலத்துக்கு அடி எண்ணிக்கொண்டு நடந்து பார்த்தேன். எதிரே வந்த தோழி பெயர் சொல்லி அழைத்ததும் எண் மறந்துவிட்டது. மறுநாள் மறுபடியும் தொடங்கி, நூலகம் தாண்டும்போது மழை வந்து அதுவும் கெட்டது. ஒரு கிலோமீட்டருக்கே இந்த நிலை.

எண் மறக்காமல் இருக்கத்தான் ஜெபமாலை. மற்றவற்றை மறைக்கவும் அவ்வாறே வழி செய்தார்கள். பௌத்தர்கள் கையில் வைத்துச் சுழற்றும் பிரார்த்தனை உருளைக்குள் மந்திரச் சுருளுக்குப் பதிலாகக் குறிப்பெழுதும் தாள். உருளையைச் சுழற்றிக்கொண்டிருப்பவரை யாரும் பேச்சுக் கொடுத்துத் தொந்தரவு செய்யமாட்டார்கள். சுங்கக்காரரும் அதைச் சோதிக்கமாட்டார். பெட்டிக்கு இரட்டை அடிப்பலகை, நடுவில் கோணமானி. ஊன்றுகோலின் உள்ளே வெப்பமானி. சோழிகளுக்குள் பாதரசம். இரவில் அதை யாத்திரிகரின் மரக்கிண்ணத்தில் ஊற்றினால் அசையாத கண்ணாடிபோல் நட்சத்திரத்தைக் காட்டும்.

1865 தொடக்கத்தில் இருவரும் புறப்பட்டார்கள். சொந்தக் கணவாய்கள் வழியாகப் போனால் அறிந்தவர் காட்டிக்கொடுத்துவிடலாம், அதனால் நேபாளம். மார்ச் மாதம் காத்மாண்டு. அங்கிருந்து கீரோங் எல்லைச் சாவடி. குதிரை வாங்கப் போகும் பஷாஹர் நாட்டு வணிகர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். அதிகாரிகள் நம்பவில்லை. குதிரை வாங்குகிற பருவமும் அதுவன்று, பாதையும் அதுவன்று. வணிகருக்கு ஒரு பருவமும் ஒரு வழியும் உண்டு என்பது அந்த எல்லையில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. பொய்யை அது பிடித்துக்கொடுத்தது. திரும்பினார்கள். மணி சிங் வேறு வழி தேடி மேற்கு நேபாளம் சுற்றி ஊர் சேர்ந்தார். நயின் சிங் விடவில்லை. முடியைச் சடையாகத் தொங்கவிட்டு லடாக்கியாக மாறி மீண்டும் போனார். உடன் அழைத்துப் போவதாக வாக்களித்த ஒரு வணிகன் நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு ஏமாற்றினான். எப்படியோ எல்லை கடந்தார். ஆனால், லாசாவுக்குப் போகமாட்டேன், போனால் உயிரை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கடந்தார்.

திராடோம் என்ற ஊரில் உடல்நலம் இல்லை என்று காட்டிக்கொண்டு உடன் வந்தவர்களிடமிருந்து பின்தங்கினார். அங்கே காத்திருந்து, அக்டோபரில் லாசாவுக்குப் போகும் லடாக்கிய வணிகர் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டார். ஷிகாட்சேயில் வணிகர்களோடு சேர்ந்து பஞ்சென் லாமாவை வணங்க வேண்டியிருந்தது. உள்ளத்தில் உள்ளதை எல்லாம் அறியும் ஆற்றல் உடையவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். பயந்துகொண்டே போன நயின் சிங் கண்டது பதினோரு வயதுச் சிறுவனை. சிறுவன் ஆசி கூறி நலம் விசாரித்து அனுப்பிவிட்டான்.

1866 ஜனவரி 10-ஆம் நாள் லாசா. சத்திரத்தில் தங்கி இரவில் நட்சத்திரம் பார்த்தார்; தண்ணீர் கொதிக்க வைத்து உயரம் குறித்தார். அவர் கணக்கில் லாசா 11,700 அடி, அதாவது ஏறக்குறைய 3,570 மீட்டர். இன்றைய கணக்கு 3,650 மீட்டரை ஒட்டியது. தேநீர்ப் பாத்திரத்தையும் ஒரு வெப்பமானியையும் வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கியிருக்கிறார்.

கையில் இருந்த பணம் தீர்ந்தது. நேபாள வணிகர்களுக்குக் கணக்கெழுதும் முறையைக் கற்றுக்கொடுத்துச் சாப்பிட்டார். பழைய வாத்தியார் தொழில் கைவிடவில்லை. காஷ்மீரி வழிவந்த இரண்டு முஸ்லிம் வணிகர்கள் அவர் வேடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நயின் சிங் உண்மையை ஒப்புக்கொண்டார். அவர்கள் காட்டிக்கொடுக்கவில்லை, அவருடைய கைக்கடிகையை அடகாக வைத்துக்கொண்டு பணமும் கொடுத்தார்கள். அதே நாட்களில், அனுமதியின்றி லாசாவுக்கு வந்த ஒரு சீனர் மக்கள் கண்முன் தலை வெட்டப்பட்டதை அவர் பார்த்தார். கீரோங் அதிகாரியையே ஒரு நாள் லாசா தெருவில் கண்டார். எழுதிக் கொடுத்த உறுதிமொழி நினைவுக்கு வந்திருக்கும். அதன் பிறகு அதிகம் வெளியே தலை காட்டவில்லை.

ஏப்ரல் 21-இல் லடாக்கிய வணிகரோடு திரும்பினார். பிரம்மபுத்திராவின் மேற்பகுதியான சாங்போ ஆற்றை ஒட்டி மானசரோவர் வரை, அங்கிருந்து கணவாய் கடந்து இந்தியா. ஏறக்குறைய 1,200 மைல் வழி அளவிடப்பட்டிருந்தது. காலடிகள் இருபத்தைந்து லட்சம் என்பார்கள். இலண்டனில் உள்ள அரச புவியியல் கழகம் 1868-இல் அவருக்குத் தங்கக் கடிகாரம் அனுப்பியது.

1867-இல் இரண்டாம் பயணம். மணி சிங், கலியான் சிங் ஆகியோருடன் மானா கணவாய் வழியாக மேற்குத் திபெத்தின் தங்கச் சுரங்கங்களுக்குப் போனார். தோக் ஜாலுங் என்ற அந்த இடம் 16,000 அடிக்கு மேல். அங்கே தொழிலாளர்கள் கோடையைவிடக் குளிர்காலத்தையே விரும்பினார்களாம். மண் உறைந்து கிடந்தால் குழி சரியாது. காற்றுக்கு அஞ்சித் தரைக்குக் கீழே குழி தோண்டி அதில் கூடாரம் அடித்திருந்தார்கள். முழங்காலையும் முழங்கையையும் தரையில் ஊன்றிக் குப்புறக் குந்தி, வைத்திருக்கும் துணி அனைத்தையும் முதுகில் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். நயின் சிங் பவளம் விற்க வந்த வணிகராகப் போனார். சுரங்கத் தலைவருக்கு அவருடைய பெட்டியின்மீது ஐயம். ஆனால், தலைவரின் மனைவிக்குப் பவளத்தின்மீது ஆசை. குறைந்த விலைக்குப் பவளம் கைமாறியது. பண்டிட்டுக்குச் சில நாள் தங்க அனுமதி கிடைத்தது. நல்ல வியாபாரி.

ஆறு ஆண்டுகள் கழித்து போர்சித் தலைமையில் யார்கந்துக்குச் சென்ற தூதுக்குழுவிலும் அவர் இருந்தார். அது முடிந்ததும் 1874 ஜூலையில் கடைசிப் பெரும் பயணம்: லடாக்கின் லே நகரிலிருந்து, யாரும் அளந்திராத வடக்கு வழியாக லாசாவுக்கு. அப்போது அவருக்கு வயது 43. உடலும் கண்ணும் தளர்ந்திருந்தன. சுமைக்கு அவர் தேர்ந்தெடுத்தது எதை? ஆடுகளை. ஜோஹார் பிள்ளைக்கு வேறு எது தோன்றும்! இருபத்தாறு ஆடுகளோடு கிளம்பினார். ஆயிரம் மைல் சுமை தூக்கி லாசாவுக்கு வந்து சேர்ந்தவை நாலைந்துதான். வழியெங்கும் அதுவரை வரைபடத்தில் இல்லாத ஏரிகள்.

நவம்பர் 18-இல் லாசாவை அடைந்தார். தம்மை அறிந்த லே நகர வணிகர் ஒருவர் அங்கே இருப்பது தெரிந்ததும் தங்கவில்லை. அளவைக் குறிப்புகளை இரண்டு ஆட்களிடம் கொடுத்து லேவுக்குத் திருப்பி அனுப்பினார். வடக்கே ஒரு மடத்துக்கு யாத்திரை போவதாகச் சத்திரக்காரரிடம் சொல்லிச் சாமான்களை விட்டுவிட்டு வடக்குநோக்கி நடந்தார். இருட்டியதும் தெற்கே திரும்பினார். டிசம்பர் 24-இல் தவாங். அங்கே அவரை மறித்தது அரசு ஆணையன்று, வணிக உரிமை. அசாமோடு நடக்கும் வணிகம் தவாங்கிலிருந்த வணிகர்களின் ஏகபோகம். வேறு வணிகர் எவரும் அவ்வழியே கடக்க முடியாது. வணிகர் வேடம் எத்தனையோ இடங்களில் காப்பாற்றியது. இங்கே அதுவே விலங்காயிற்று. பிப்ரவரி 17 வரை காத்திருந்துதான் கிளம்ப முடிந்தது. 1875 மார்ச் 1-இல் அசாமின் உதல்குரியை அடைந்தார்.

1877-இல் அரச புவியியல் கழகம் தன் தங்கப் பதக்கத்தை அவருக்கு வழங்கியது. அரசு நிலமானியம் கொடுத்தது. பிற பண்டிட்டுகளுக்குப் பயிற்சி அளித்தார். அளவை முறையைப் பற்றி இந்தியில் ஒரு கையேடும் எழுதினார். அவருடைய உறவினர் கிஷன் சிங் பின்னர் இவரையும் மிஞ்சும் தூரம் நடந்தார். குதிரையில் ஏறித்தான் ஆகவேண்டும் என்ற நிலை வந்தபோது குதிரையின் காலடியை எண்ணினார். நயின் சிங் 1882-இல் இறந்தார்.

இத்துடன் முடித்திருந்தால் எனக்கு எளிது. ஆனால், இதைப் படித்த என் அறைத்தோழி ஒரு கேள்வி கேட்டாள். இவர் ஒற்றர்தானே என்று.

இரண்டு நாள் பதில் சொல்லாமல் இருந்தேன். ஆம், ஒற்றர்தான். திபெத்தியர் அவரை உள்ளே விட்டது வணிகர் என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கை அவர் சம்பாதித்ததன்று. பாதிக் கல்லைப் பத்திரமாக வைத்திருந்த பல தலைமுறை மலைவாழ் வணிகர்களின் சேமிப்பு. அதை எடுத்து ஒரு பேரரசுக்குக் கொடுத்தார். பண்டிட்டுகள் அளந்த வழிகள் வரைபடமாயின. 1903-04-இல் யங்ஹஸ்பண்டின் படை லாசாவுக்கு அணிவகுத்தபோது திபெத் பிரிட்டிஷாருக்கு இருட்டறையாக இல்லை. வேறொரு பயணியான சரத் சந்திர தாஸ் 1882-இல் லாசா சென்று திரும்பிய பின், அவருக்கு இடம் கொடுத்த செங்சென் லாமா 1887-இல் ஆற்றில் மூழ்கடித்துக் கொல்லப்பட்டார். வரைபடத்துக்கு விலை கொடுத்தவர்கள் நடந்தவர்கள் மட்டுமல்லர்.

இன்னொரு பக்கமும் உண்டு. கடனாளியான ஒரு மலைக்கிராம ஆசிரியருக்கு 1863-இல் எத்தனை கதவுகள் திறந்திருந்தன? மாதம் இருபது ரூபாய்க்கு உயிரைப் பணயம் வைத்தார். அவரை அனுப்பிய அதிகாரிகள் தேராதூனில் மேசைக்கு முன் உட்கார்ந்திருந்தார்கள். அவரைப் பற்றிய அறிக்கைகளை எழுதியவர்களும் அவர்களே. பெயரை மறைத்துப் பண்டிட் என்று மட்டும் போட்ட காலமும் இருந்தது. நான் அவரைக் குற்றவாளியாக்கத் தயாரில்லை, தெய்வமாக்கவும் தயாரில்லை. தோழி ஏற்றுக்கொண்டாளா என்று தெரியவில்லை. லாசாவில் அந்த இரண்டு காஷ்மீரி வணிகர்கள் ஏன் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று மட்டும் கேட்டுவிட்டுத் தூங்கிவிட்டாள்.

அஞ்சல்தலை 2004-இல் வந்தது. இந்திய அரசு பெரும் நில அளவையின் இருநூறாம் ஆண்டை ஒட்டி நயின் சிங்கின் படத்தோடு வெளியிட்டது. 2017-இல் கூகுள் தன் முகப்பில் அவரை வரைந்தது. ஆனால், அவர் நடந்த வழியில் அப்போது யாரும் நடக்கவில்லை. 1954-இல் இந்தியாவும் சீனாவும் செய்த ஒப்பந்தத்தில் குங்ரி பிங்ரி கணவாய்க்கும் இடம் இருந்தது. 1962-இல் போர் மூண்டது, கணவாய்கள் அடைபட்டன. ஒரே ஆண்டில் ஜோஹாரின் பிழைப்பு நின்றுபோயிற்று. ஆடுகளை விற்றார்கள், கீழே இறங்கினார்கள், பிள்ளைகள் அரசு வேலை தேடினார்கள். 1967-இல் பழங்குடியினர் பட்டியலில் அவர்கள் சேர்க்கப்பட்டனர். 1992-இல் எல்லை வணிகம் மீண்டும் தொடங்கியபோது குமாவுனில் திறந்தது லிப்புலேக் கணவாய் மட்டும். அது வேறு பள்ளத்தாக்கு, வேறு சௌக்காக்கள். அதுவும் 2020-இல் கொரோனாவால் நின்றது.

மிலாமில் நூற்றுக்கணக்கான கல்வீடுகள் கூரையில்லாமல் நிற்கின்றன. செதுக்கு வேலைப்பாடுள்ள கதவுச் சட்டங்கள் மட்டும் சிலவற்றில் மீந்திருக்கின்றன. கோடை வந்தால் சில குடும்பங்கள் இன்னும் மேலே ஏறுகின்றன. உருளைக்கிழங்கும் மூலிகையும் பயிரிட்டுவிட்டு, பனி தொடங்குவதற்குள் இறங்கிவிடுகிறார்கள். ஊரில் எல்லைக் காவல் படையின் முகாம் ஒன்று இருக்கிறது. வெளியூரார் அங்கே போக அனுமதிச்சீட்டு வேண்டும். ஊண்டாதூராப் பக்கம் ஏறுவதற்கு முன் அதைக் காட்ட வேண்டும்.